கூட ஒரு பிரதி

புதன்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை இல்லை,
எனக்கு மட்டும்.
உள்ளங்கையில் நீலப் பேனாவில் பட்டியல்:
கிராம சேவகர் கடிதம். பிரதி.
குடைக்கம்பி. கேஸ் வாஷர்.
சுண்டுவிரலடியில் இடம் மிச்சமிருந்ததால்
நீர்வீழ்ச்சி.

தலவாக்கலையில் இது பதினாலாவது மாதம்.
கோயம்புத்தூரிலிருந்து ஓர் இயந்திரத்தோடு வந்தேன்.
தூள் வேறு, நார் வேறு என்று
நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்.
அதன் கண்ணாடிக் கண்ணைத் துடைப்பதற்குச் சம்பளம்,
அதற்கொரு வீசா,
வீசாவுக்கு ஒரு கடிதம்,
கடிதத்துக்கு நிரோஷா மெனிக்கே.

"பொட்டக் இன்ன" என்றார்.
கொஞ்சம் இருங்கள்.
அந்தக் கொஞ்சம் ஐம்பது நிமிடம்.
வாங்கில் பக்கத்தில் இருந்தவர்
மின்சார பில்லைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்,
மடிக்கும்போது தொகை குறையும் என்பதுபோல.

என் முறை வந்தது.
"தாத்தாகே நம?"
தாத்தா பெயர் இங்கே எதற்கு என்று நினைத்துக்கொண்டே
சொன்னேன்: ரங்கப்பன்.
எழுதினார். முத்திரை விழுந்தது.

போட்டோ கொப்பிக் கடையில் புஷ்பராணி அக்கா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பாஸ்போட்ல மயில்சாமி மக.
இதுல ரங்கப்பன் மக.
ஒங்களுக்கு எத்தன அப்பா?"
பிறகு சிரித்துச் சிரித்து
இயந்திரத்தின் மூடியில் சாய்ந்துவிட்டார்.
சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பாவாம்.
பதினாலு மாதம் எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் யாரிடமும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை.

சிரிப்பு நின்றபின் சொன்னார்:
"மாத்திக்கிட்டு வாங்க. இப்பவே.
எங்கப்பா கருப்பையா.
ஒரு கடதாசில சின்ன ரு,
இன்னொண்ணுல பெரிய று.
அடையாள அட்டை கையில வரும்போது
எனக்கு முப்பத்தொரு வயசு.
பொறந்தது அந்தா, அந்த லயத்துல."
கை காட்டிய திசையில்
சிகரெட் விளம்பரத் தகரம் ஒன்றுதான் தெரிந்தது.
என் வீசா ரெண்டு வருஷம்.
ஆறு வாரத்தில் கிடைத்தது.
அதை நான் சொல்லவில்லை.
அவர் கையில்தான் இருந்தது, படித்திருப்பார்.

மறுபடி மேடு ஏறினேன்.
நிரோஷா மெனிக்கே சோற்றுப் பொதியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்,
புரிந்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார்,
புதிதாக எழுதித் தந்தார்.
எனக்கு ஒரு துண்டு பப்படமும்.

கீழே வந்தபோது
குடைக்காரர் கடையைக் கட்டியிருந்தார்.
மழை வரும்போலிருக்க, வீட்டுக்குப் போகாமல்
டிலக்சனின் த்ரீவீலில் ஏறினேன்.
"வெரசா போவணும் மிஸ்.
மேல அணைக்கட்டுல நேரம் வச்சுத்தான் தண்ணி விடுறாங்க.
இருட்டினா மூடிருவாங்க."
நீர்வீழ்ச்சிக்கும் அலுவலக நேரமா?
"இல்லாம? அதுக்கும் கடதாசி இருக்கும்."

சாலையோரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.
பள்ளத்துக்கு அப்பால், தேயிலைக்கு நடுவே
மெலிந்து இறங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் பக்கம் அருவி என்றால்
தலையைக் கொடுப்போம், பல் கிட்டிக்கும்.
இது பார்வைக்கு மட்டும்.
அவித்த சோளம் ஒன்று வாங்கிப்
பாதியை டிலக்சனுக்குக் கொடுத்தேன்.
உப்பு அதிகம். ரெண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.
வெளிச்சம் குறையக் குறைய நான்
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எந்த நொடியில் நிறுத்துவார்கள் என்று.
அதற்குள் மூடுபனி வந்து
எல்லாவற்றையும் தானே மூடிவிட்டது.

இரவு கோப்பை அடுக்கும்போது பார்த்தேன்.
மூன்று பிரதி கேட்டேன், நான்கு இருக்கின்றன.
"எப்பவும் ஒண்ணு கூடக் கேப்பாங்க"
என்று காசு வாங்காமல் வைத்தது.
நாலாவதில், என் முகத்துக்குப் பக்கத்தில்,
பாஸ்போட்டை அமுக்கிப் பிடித்திருந்த
புஷ்பராணி அக்காவின் பெருவிரல்.
ரேகை ரேகையாக.
எந்த அலுவலகமும் இதை ஏற்காது.
தனியே எடுத்து வைத்தேன்.

உள்ளங்கையில் மை கலைந்துவிட்டது.
அடுப்படியில் லேசாகக் கேஸ் வாடை.
வாஷர்.